ஸ்கிரீன் பிரிண்டிங் சாமான்களைக் கழுவ எந்தத் திரவம், எந்தக் கருவி: கொழும்புச் சிறு பட்டறைகளுக்கான முழு வழிகாட்டி

கொட்டாஞ்சேனையில் எங்கள் பட்டறை ஒரு பழைய வீட்டின் பின்னறை. பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஒரு ஜன்னல், ஒரு கதவு. பாடசாலை விளையாட்டுப் போட்டி, ஆடிவேல், தேர்தல் என்று ரீசேர்ட் ஓடர் குவிந்தால் ஒரு நாளில் இருபது ஸ்கிரீன் கழுவ வேண்டி வரும். தொடங்கிய காலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே தகரம்தான்: தின்னர். மைக்கும் அது, மையைத் தள்ளும் ரப்பர் பட்டியான ஸ்குவீஜிக்கும் அது, கடைசியில் கை கழுவவும் அது. மாலையானால் தலை இடிக்கும். வெயில் என்று நினைத்துக்கொள்வோம். பிரேமிலிருந்து மெஷ், அதாவது மை இறங்கும் வலைத்துணி, கழன்று வரும். பசை சரியில்லை என்று நினைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் காரணம் அந்தத் தகரம்தான் என்று விளங்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

அதனால் இதை எழுதுகிறேன். அழுக்கு என்னவென்று பார்த்து அதற்கேற்ற திரவத்தை எடுக்க வேண்டும். அதைக் கரைக்கக்கூடியவற்றில் எது ஆபத்துக் குறைந்ததோ அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். வாங்கும் கருவி, கையுறை, கழிவு வாளி எல்லாம் இந்த இரண்டையும் பார்த்தே முடிவாகும்.

முதல் வேலை: அழுக்கைப் பிரித்துப் பாருங்கள்

வேலை முடிந்த ஸ்கிரீனில் மூன்று விதமான அழுக்கு இருக்கும். மேலே மை. அதற்குக் கீழே எமல்ஷன், அதாவது டிசைன் இல்லாத இடங்களில் மெஷ்ஷை அடைத்திருக்கும் பூச்சு. இரண்டையும் எடுத்த பிறகும் மெஷ் இழையில் மங்கலாகத் தெரியும் பழைய டிசைனின் நிழல். மூன்றுக்கும் மூன்று மருந்து. மையைக் கரைக்கும் மண்ணெண்ணெய் எமல்ஷனை ஒன்றும் செய்யாது. எமல்ஷனை எடுக்கும் பெரியோடேற் கரைசல் காய்ந்த மையை ஒன்றும் செய்யாது. இது பிடிபட்டாலே பாதிச் செலவு குறையும்.

இன்னொன்றும் உண்டு. மையின் பிசுக்கு எமல்ஷனின் மேல் படிந்திருந்தால், நீரில் கலந்த ரிமூவர், அதாவது அந்தப் பெரியோடேற் கரைசல், அதைத் தாண்டி உள்ளே போகாது. ‘ரிமூவர் வேலை செய்யவில்லை’ என்று கடைக்காரரிடம் சண்டை பிடிக்கிறவர்களின் ஸ்கிரீனைத் தடவிப் பாருங்கள், பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கு கையில் ஒட்டும்.

இரண்டாம் வேலை: மைக்கேற்ற திரவம்

நீர் சார்ந்த மை என்றால் கரைப்பானே தேவையில்லை. தண்ணீரும் கொஞ்சம் திரவச் சவர்க்காரமும் போதும். ஆனால் அச்சடித்து முடித்த கையோடு கழுவ வேண்டும். மின்விசிறிக்குக் கீழே ஸ்கிரீனை வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், அதிலுள்ள அக்ரிலிக் பிணைப்பான் மெஷ் கண்களுக்குள் காய்ந்து பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். பிறகு அதை எடுக்கக் கடுமையான கரைப்பான்தான் தேடவேண்டி வரும். அச்சடிக்கும்போதே பக்கத்தில் ஒரு ஸ்பிரே போத்தலில் தண்ணீர் வைத்துக்கொண்டு இடையிடையே இலேசாகத் தெளித்துவிடுங்கள்.

பிளாஸ்டிசோல் இதற்கு நேர் எதிர். அது பிவிசி தூளும் பிளாஸ்டிசைசர் எண்ணெயும் சேர்ந்த களி. 160 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால்தான் இறுகும். அறை வெப்பநிலையில் காயாது என்பதால் அவசரமில்லை. முதலில் ஒரு பிளாஸ்டிக் அட்டையால் மையை வழித்து மறுபடி டப்பாவுக்குள் போடுங்கள். கழுவும் வேலையில் இதைவிடக் காசு மிச்சம் பிடிக்கும் காரியம் வேறு இல்லை. மிச்சத்துக்கு மண்ணெண்ணெய், மினரல் டேர்ப்பன்டைன், அல்லது சோயா எண்ணெயிலிருந்து எடுக்கும் ஸ்கிரீன் வோஷ். மூன்றில் எனக்குப் பிடித்தது கடைசியானது: விலை கூட, ஆனால் மெதுவாக ஆவியாவதால் கொஞ்சம் ஊற்றினாலே வெகுநேரம் வேலை செய்யும், மணமும் தலைக்கு ஏறாது.

கலியாண அழைப்பிதழ், பதாகை, போஸ்டர் அடிக்கும் எனாமல் வகை மைகளுக்கு மினரல் டேர்ப்பன்டைன் போதும். பிவிசி ஸ்டிக்கர், பிளாஸ்டிக், உலோகம் ஆகியவற்றில் அடிக்கும் மைகளுக்குத்தான் சைக்ளோஹெக்ஸனோன், கிளைக்கோல் ஈதர் போன்ற கடுமையான சாமான் தேவை. மை வாங்கும்போதே அதே கம்பனியின் கழுவும் திரவம் எது என்று கேட்டு வாங்குங்கள். யூவி மை கழுவாத ஸ்கிரீனில் வெயில் படவிடக்கூடாது; பட்டால் இறுகிவிடும். அது தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரும், வந்தால் சுலபத்தில் போகாது.

பெற்றோலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியது. அதுவரை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்த எனக்குத் தெரிந்த சிலர் அப்போது பெற்றோலுக்கும் மலிவுத் தின்னருக்கும் மாறினார்கள். தயவுசெய்து மாறாதீர்கள். பெற்றோலில் பென்ஸீன் இருக்கிறது. அது இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியாக நிறுவப்பட்ட பொருள். தீப்பிடிக்கும் ஆபத்து வேறு.

மூன்றாம் வேலை: தகரத்தில் ஓர் எண்ணைத் தேடுங்கள்

கரைப்பான் வாங்கும்போது விலைக்கு முன்னால் பார்க்க வேண்டியது ‘பிளாஷ் பொயின்ட்’. ஒரு திரவத்திலிருந்து எழும் ஆவி, பொறி பட்டால் பற்றிக்கொள்ளத் தொடங்கும் வெப்பநிலை அது. பெற்றோலுக்குப் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை. அசிட்டோனுக்குப் பூச்சியத்துக்குக் கீழே 20. டொலுயீனுக்கு 4. சைலீனுக்கு 27 அளவில். மண்ணெண்ணெய்க்கு 38 அல்லது அதற்கு மேல். சைக்ளோஹெக்ஸனோனுக்கு 44. சோயா எண்ணெய் வகைக்கு 100ஐத் தாண்டும்.

இப்போது கொழும்பின் பகல் வெப்பத்தை நினைத்துப் பாருங்கள். நிழலிலேயே 30 பாகை. குளிர்நாட்டுப் பட்டறையில் சைலீன் தகரம் திறந்திருந்தால் அறை வெப்பநிலை அதன் எல்லைக்குக் கீழே இருக்கும். இங்கே அதே தகரத்தைத் திறந்த நேரமே அது எல்லையைத் தாண்டிவிட்டது. வெளிநாட்டு வீடியோவில் ஒருவர் சாதாரணமாகச் செய்வதை நம் தகரக்கூரை அறையில் அப்படியே செய்யக்கூடாது என்பது இதனால்தான்.

கடைகளில் வெறுமனே தின்னர் என்று விற்பது ஒரு தனிப் பொருளல்ல, கலவை. பெரும்பாலும் டொலுயீன், அசிட்டோன் போன்றவை விகிதம் மாறிமாறி இருக்கும். ஒருமுறை புறக்கோட்டையில் ஒரு கடையில் லேபல் இல்லாத கேனில் மலிவாக வாங்கினேன். அன்று மாலையே இரண்டு ஸ்குவீஜி விளிம்பு உப்பி அலையலையாகிவிட்டது. உள்ளே என்ன இருந்தது என்று விற்றவருக்கும் தெரியவில்லை. அதன்பிறகு லேபல் இல்லாத திரவம் எங்கள் வாசலைத் தாண்டவில்லை. மொத்தமாக வாங்குவதென்றால் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேளுங்கள். அதில் 16 பகுதிகள் இருக்கும். எட்டாம் பகுதியில் கையுறை, முகமூடி. ஒன்பதாம் பகுதியில் பிளாஷ் பொயின்ட். இந்த இரண்டை வாசித்தாலே வாங்கலாமா வேண்டாமா என்று தெரிந்துவிடும்.

நான்காம் வேலை: கருவிகள்

பெரிய முதலீடு பிரஷர் வோஷர்தான். கார் கழுவ விற்கும் சிறிய இயந்திரமே போதும். 1000 முதல் 1500 பிஎஸ்ஐ வரை, அதாவது 70 முதல் 100 பார் அழுத்தம் இருந்தால் சரி. அதற்கு மேல் போனால் 120 டி (சென்ரிமீற்றருக்கு 120 இழை) போன்ற மெல்லிய மெஷ் கிழியும். விசிறி மாதிரி விரியும் நொசில் வேண்டும். ஊசி மாதிரிப் பாயும் நொசிலைக் கழற்றி வேறு இடத்தில் வையுங்கள். இந்த இயந்திரங்கள் நிமிடத்துக்கு ஆறேழு லீற்றர் தண்ணீர் குடிக்கும், ஆகவே குழாயில் அழுத்தம் குறைந்த வீட்டில் ஒரு பெரிய பீப்பாயில் நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள். ஈரத் தரையில் மின்சாரம் என்பதால், 30 மில்லிஅம்பியர் ட்ரிப் ஸ்விட்ச் இல்லாத பிளக்கில் இதைச் செருகவே கூடாது. ட்ரிப் ஸ்விட்சின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள்.

கரைப்பானில் நனைந்த ஸ்கிரீனுக்குப் பிரஷர் வோஷர் பிடிக்காதீர்கள். அது கரைப்பானைப் பனியாக்கி அறை முழுக்கப் பரப்பும்.

கழுவும் தொட்டி கட்டக் காசில்லை என்றால் மூன்று பக்கம் பிளாஸ்டிக் தகடு, பின்னால் ஒரு மின்குமிழ், கீழே வடிகட்டியுள்ள வாய்க்கால் போதும். அந்த மின்குமிழ் முக்கியம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் மெஷ் கண்ணில் எது அடைத்திருக்கிறது என்று தெரியும். தண்ணீர் தெறிக்காதபடி மூடிய விளக்காக இருக்கட்டும்.

தூரிகைகளை மூன்றாகப் பிரித்து, பிடியில் நிறம் பூசிவிடுங்கள்: மைக்கு ஒன்று, ரிமூவருக்கு ஒன்று, நிழல் நீக்கிக்கு ஒன்று. நைலோன் மயிர் நல்லது. கம்பித் தூரிகையும் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரும் மெஷ்ஷுக்கு எமன்.

காற்றோட்டத்தில் பலர் ஒரு பிழை விடுகிறார்கள். கரைப்பான் ஆவி காற்றைவிடப் பாரமானது, தரையில் படியும். மேலே ஜன்னல் உயரத்தில் மின்விசிறி பூட்டினால் அது உங்கள் மூக்கு வழியாக ஆவியை மேலே இழுத்துப் போகும். வெளியேற்றும் வழி முழங்காலுக்குக் கீழே இருக்கட்டும், எதிர்ப்பக்கம் புதுக் காற்று வரட்டும். ஆனால் சாதாரண மின்விசிறி மோட்டரும் பொறி விடும். ஆகவே பிளாஷ் பொயின்ட் குறைந்த திரவம் என்றால், அறையை விட்டு முற்றத்தில் கழுவுவதே சரி. அப்போதும் பக்கத்து வீட்டுக் குசினி ஜன்னல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். அச்சைச் சூடாக்கிக் காயவைக்கும் பிளாஷ் டிரையர், ஹீட் பிரஸ் இரண்டையும் நிறுத்தி, சூடு ஆறிய பிறகே தகரத்தைத் திறக்க வேண்டும்.

ஐந்தாம் வேலை: கழுவும் வரிசை

மையை வழித்து எடுத்தாயிற்று. பிரேம் ஓரத்தில் மை கசியாமல் ஒட்டிய டேப்பை உரித்து, அதற்குக் கீழே ஒதுங்கியிருக்கும் மையையும் துடைத்தாயிற்று. இப்போது துணியில் கொஞ்சம் கரைப்பானை நனைத்து இரண்டு பக்கமும் துடையுங்கள். மெஷ் மேல் நேரடியாக ஊற்றாதீர்கள். ஊற்றினால் அது பிரேமின் ஓரத்துக்கு ஓடி, மெஷ்ஷைப் பிடித்திருக்கும் பசையைக் கரைக்கும். அசிட்டோனும் தின்னரும் சாதாரண ஒட்டுப்பசையை நிமிடங்களில் இளக்கிவிடும். எங்கள் மெஷ் கழன்றதும் அப்படித்தான். இரண்டு பாகம் கலந்து பூசும் பசை இதைவிடத் தாக்குப்பிடிக்கும்.

அதே டிசைன் மறுபடி வேண்டுமென்றால் இங்கேயே நிறுத்தி, துடைத்துக் காயவைத்து எடுத்து வையுங்கள். வேண்டாமென்றால் சவர்க்காரத் தண்ணீரால் இரண்டு பக்கமும் தேய்த்து அலசுங்கள். விரலால் தடவினால் வழுக்கக்கூடாது. இந்தப் படியைத் தவிர்ப்பதால்தான் அடுத்த படி சரிவராமல் போகிறது.

அடுத்து எமல்ஷன். சோடியம் பெரியோடேற் கலந்த ரிமூவரைத் தூளாகவோ திரவமாகவோ விற்பார்கள். லேபலில் உள்ள அளவுக்கு மேல் கெட்டியாகக் கரைப்பதால் ஒரு பயனும் இல்லை. ஈரமான ஸ்கிரீனில் இரண்டு பக்கமும் தெளித்து, தூரிகையால் மெதுவாகத் தேய்த்து, ஒன்றிரண்டு நிமிடம் விடுங்கள். எமல்ஷன் கரைந்து ஒழுகத் தொடங்கும். உடனே பிரஷர் வோஷரால் ஓர் அடி தூரத்திலிருந்து, கீழிருந்து மேலாக அடித்துக் கழுவுங்கள்.

இந்த ஒன்றிரண்டு நிமிடத்தில்தான் நான் நான்கு ஸ்கிரீனை இழந்தேன். மதிய நேரம். நான்குக்கும் ரிமூவர் தெளித்து வரிசையாகச் சாத்தி வைத்திருந்தோம். “அண்ணா, சாப்பிட்டு வந்து அடிக்கவா?” என்று கேட்டான் கூட வேலை செய்கிற தம்பி. “ஓம், போட்டு வா” என்றேன். நாற்பது நிமிடம் கழித்து வந்து பார்த்தபோது ரிமூவர் காய்ந்து, எமல்ஷன் மெஷ்ஷோடு இறுகிப் பிடித்திருந்தது. மறுபடி ரிமூவர் ஊற்றினோம், தேய்த்தோம், அடித்தோம். அசையவில்லை. நகத்தால் சுரண்டினால் கண்ணாடி மாதிரி இருந்தது. பிழை அவனுடையதல்ல, என்னுடையது. ரிமூவர் மெஷ்ஷில் காயவே கூடாது. காய்ந்தால் பிறகு அதை அவிழ்க்க வழியில்லை. இப்போது ஒரு நேரத்தில் ஒரு ஸ்கிரீன், அதிகம் போனால் இரண்டு.

சிலர் ரிமூவருக்குப் பதிலாக வீட்டுப் பிளீச் பாவிக்கிறார்கள். டயஸோ என்ற வகை எமல்ஷனை அது மெல்ல இளக்கும்தான். ஆனால் மூடிய குளியலறையில் அந்த மணம் நுரையீரலுக்குக் கேடு. அமிலம் கலந்த கழிவறைத் திரவத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும்; அமோனியாவோடு சேர்ந்தாலும் நச்சு வாயுதான். நான் சிபாரிசு செய்யமாட்டேன். பெரியோடேற் தூளுக்கும் ஓர் எச்சரிக்கை: அது ஒக்சியேற்றும் பொருள், நெருப்புக்குத் தீனி போடும். தின்னர் இருக்கும் தட்டில் அதை வைக்காதீர்கள்.

கடைசியில் நிழல். மெஷ்ஷை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கண்கள் திறந்திருந்து, இழையில் மட்டும் நிறம் தெரிந்தால் அது வெறும் கறை. அச்சில் வராது, விட்டுவிடுங்கள். கண்கள் அடைத்திருந்தால்தான் நிழல் நீக்கி. அதிலுள்ள காஸ்டிக் என்ற கடும் காரம் பொலியஸ்டர் இழையையே அரிக்கும், அலுமினியப் பிரேமையும் தின்னும். ஒவ்வொரு முறையும் பழக்கமாகப் போட்டால் மெஷ் வலுவிழந்து, ஒருநாள் இறுக்கமாக அச்சடிக்கும்போது நடுவில் கிழியும். போத்தலில் சொன்ன நேரத்துக்கு மேல் விடாமல், நிறையத் தண்ணீரால் அலசுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இதைத் தொடவே வேண்டாம்.

ஸ்குவீஜி, ஸ்கூப் கோட்டர்

ஸ்குவீஜியைக் கரைப்பானில் ஊறப்போடாதீர்கள். பொலியூரேதேனும் ரப்பரும் கரைப்பானைக் குடித்து உப்பும், விளிம்பு வளையும். வழித்து, நனைந்த துணியால் துடைத்து, ஒரு நாள் காற்றாட விடுங்கள். அதற்காகவே ஒவ்வொரு அளவிலும் இரண்டு வைத்து மாறிமாறிப் பாவிப்பது நல்லது. மரப்பிடி தண்ணீரில் கிடந்தால் கொழும்பின் ஈரத்தில் காய நாளாகும், பிளக்கவும் செய்யும். எமல்ஷன் பூசும் உலோகத் தட்டான ஸ்கூப் கோட்டரில் எமல்ஷன் காயும் முன் வெந்நீரும் ஸ்பஞ்சும் போதும். அதன் விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் அதற்குப் பிறகு பூசும் ஒவ்வொரு ஸ்கிரீனிலும் ஒரு கோடு விழும், ஆகவே உலோகத்தால் சுரண்டாதீர்கள்.

கை, மூக்கு, கண்

வெள்ளை லேடெக்ஸ் கையுறை மண்ணெண்ணெய்க்கும் டேர்ப்பன்டைனுக்கும் தாங்காது. அவற்றுக்குத் தடித்த நைட்ரைல் வேண்டும். ஆனால் அசிட்டோன், சைக்ளோஹெக்ஸனோன் போன்றவற்றுக்கு நைட்ரைலும் தோற்கும். சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். அவற்றுக்குப் பியூட்டைல் ரப்பர் கையுறை. கையைத் தின்னரால் கழுவும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். அது தோலின் எண்ணெயை உருவிவிட்டு, வெடிப்பு வழியாகத் தானே உள்ளே போகும்.

துணி முகமூடியும் தூசு முகமூடியும் ஆவியைத் தடுக்காது. கரித்தூள் நிறைந்த கார்ட்ரிட்ஜ் பூட்டிய முகமூடி வேண்டும். ஐரோப்பிய வகையில் சேதன ஆவிக்குப் பழுப்புப் பட்டி, அமெரிக்க வகையில் கறுப்புப் பட்டி. வேலை முடிந்ததும் காற்றுப் புகாத பையில் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் சுவரில் தொங்கிக்கொண்டே தீர்ந்துவிடும். போட்டிருக்கும்போதே மணம் வந்தால் கார்ட்ரிட்ஜ் முடிந்துவிட்டது.

இதை மிகையென்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று. ஜப்பானின் ஒசாக்காவில் ஓர் அச்சகத்தில், காற்றோட்டமில்லாத அறையில் கழுவும் திரவத்தோடு வேலை செய்த இளவயதுத் தொழிலாளர்கள் பலருக்குப் பித்தநாளப் புற்றுநோய் வந்தது 2012 இல் வெளியே தெரிந்தது. அது ஒப்செற் அச்சு. திரவத்தில் இருந்தவை டைகுளோரோபுரோப்பேன், டைகுளோரோமீதேன் என்ற குளோரின் சேர்ந்த கரைப்பான்கள். 2014 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் டைகுளோரோபுரோப்பேனை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று வகைப்படுத்தியது. ‘தீப்பிடிக்காத கரைப்பான்’ என்று யாராவது நீட்டினால் உள்ளே குளோரின் சேர்ந்தது இருக்கிறதா என்று கேளுங்கள்.

கரைப்பானைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். வீட்டோடு சேர்ந்த பட்டறையில் பிள்ளைகள் வருவார்கள். யாராவது மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. அது நுரையீரலுக்குள் போனால்தான் பெரிய ஆபத்து. 1990 அம்புலன்ஸ் எண்ணுக்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். தீக்கு 110.

கழிவு

எங்கள் வாய்க்காலில் ஊற்றுவது பேரை வாவிக்கோ கால்வாய்க்கோ கடலுக்கோதான் போகிறது. கரைப்பானும் பிளாஸ்டிசோலும் வடிகானுக்குள் போகவே கூடாது. எமல்ஷன் அலசிய தண்ணீரைக்கூட ஒரு வாளியில் மெல்லிய துணி கட்டி வடித்து, தங்கும் சேற்றைத் தனியே எடுத்து வைக்கிறோம்.

மண்ணெண்ணெய்க்கு இரண்டு தகரம் வையுங்கள். முதல் துடைப்புக்குப் பழையது, இரண்டாம் துடைப்புக்குப் புதியது. பழையதை மூடி ஓரிரு நாள் அசையாமல் வைத்தால் மை அடியில் தங்கும். மேலே தெளிந்ததை வடித்து மறுபடி முதல் துடைப்புக்கு எடுக்கலாம். இதனாலேயே எங்கள் மாதச் செலவு ஏறக்குறைய பாதியானது.

துடைத்த துணிகளை மூலையில் குவிக்காதீர்கள். எனாமல் வகை மை நனைந்த துணி காற்றோடு சேர்ந்து தானாகவே சூடேறித் தீப்பற்றும், நெருப்பே தேவையில்லை. மூடியுள்ள இரும்புத் தகரத்தில் தண்ணீர் ஊற்றி அதற்குள் போடுங்கள். பிளாஸ்டிசோல் பட்ட துணியைக் கொல்லையில் எரிக்கவும் வேண்டாம். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைட் வாயு வரும்.

அடியில் தங்கிய சேறும் மீளப் பாவிக்க முடியாத கரைப்பானும் ஆபத்துக் கழிவு. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் பெற்ற கழிவு சேகரிப்பாளரிடம்தான் கொடுக்க வேண்டும். ஒரு சிறு பட்டறையின் இரண்டு கேனுக்காக அவர்கள் வரமாட்டார்கள் என்பதால், நாங்கள் அக்கம்பக்கத்துப் பட்டறைகள் மூன்று சேர்ந்து, லேபல் ஒட்டிய கேன்களில் ஆறு மாதச் சேற்றைச் சேர்த்து ஒரே தடவையில் கொடுக்கிறோம். கேனின் மேல் உள்ளே என்ன இருக்கிறது, எந்த மாதம் தொடங்கியது என்று எழுதி, முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமல், வெயில் படாத படிக்கட்டின் கீழே வைத்திருக்கிறோம்.